சேரிப் பள்ளியும் தேர்ச்சிப் பட்டியலும்

தேர்வு முடிவு வெளிவந்ததும், 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பள்ளி வாயிலில் பலகை எழுதி வைக்கிறார்கள். மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அத்தகைய பலகைகள் பல உண்டு. ஆசிரியப் பணியில் இருக்கும் நாமும் அவற்றைக் கண்டு மகிழத்தான் செய்கிறோம். ஆயினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, தோழர்களே! நூறு பேர் தேறினர், நன்று. அந்த நூறு பேர் யார்? வாயிலுக்குள் விடப்பட்டவர் யார்? வாயிலிலேயே நிறுத்தப்பட்டவர் யார்? தேர்ச்சிப் பட்டியலைப் படிக்குமுன் வருகைப் பதிவேட்டைப் படிக்கவேண்டும். இதை நமக்குக் கற்பிக்கும் வரலாறு, அடையாற்றங்கரையிலேயே கிடக்கிறது.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலம். 1892இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையை விளக்கி அரசுக்கு அறிக்கை தந்தார். நிலமில்லை, வீட்டு மனைக்கு உரிமையில்லை, எழுத்தறிவில்லை என்று அது கூறிற்று. 1893இல் அம்மக்களின் கல்விக்குச் சிறப்புதவி அளிக்கும் ஆணை பிறந்தது. ஆணை பிறந்தது, ஆனால் அக்கிரகாரத்துப் பள்ளியின் கதவு திறந்ததா? ஊர்ப் பள்ளியின் திண்ணைதான் இடம் கொடுத்ததா? இல்லை. பொதுப்பள்ளி என்பது பெயரளவில் பொது. உள்ளே இருந்ததோ சாதி.

அந்நாளில்தான் கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர் இப்பணியில் இறங்கினார். 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் அவர். 1882இல் அச்சபை அடையாற்றுக்கு வந்தது. சபையின் மறைஞானக் கொள்கைகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் செய்த நற்பணியை மறைப்பது பகுத்தறிவாகாது. சபைத் தோட்டத்தை அடுத்த ஊரூரில், 1894இல், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலைப் பள்ளிக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? திருவள்ளுவர்! வேதம் ஓதும் ஒலி நிறைந்த மயிலையில், சேரிச் சிறுவன் குறளாசான் பெயர் தாங்கிய பள்ளியில் அகரம் எழுதினான்.

யார் அப்பிள்ளைகள்? நாட்கூலிகளின் மக்கள், வெள்ளையர் மாளிகைகளில் சமையலும் ஏவலும் செய்தோரின் மக்கள். வீட்டில் புத்தகம் இல்லை. பாடம் சொல்லித்தர எழுத்தறிந்த தாய் தந்தையர் இல்லை. கையில் வலு வந்ததும் வேலைக்கு அனுப்பும் வறுமை மட்டும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பால்மர் அம்மையாரும், அவருக்குப் பின் கோர்ட்ரைட் அம்மையாரும் மேற்பார்வை ஏற்றனர். அடித்து உருப்போட வைக்கும் வழக்கத்தை விடுத்து, பார்த்தும் செய்தும் கற்கும் குழந்தைக் கல்வி முறையைப் புகுத்தினர்.

விளைவு? அரசினர் தேர்வுகளில் அப்பிள்ளைகள் தேறினர், நன்றாகவே தேறினர். தேர்ச்சியைக் கணக்கிட்டு அரசு மானியம் வழங்கிய காலம் அது. ஆய்வாளர் முன்நின்று படித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். அந்தச் சோதனையில் தம் பள்ளிப் பிள்ளைகள் பெற்ற வெற்றியை ஆல்காட் 1902இல் ஒரு சிறு நூலில் பெருமிதத்தோடு எழுதினார். அறிவு பிறப்பால் வருவது என்ற பழங்கதை, ஊரூர்ச் சிறுவனின் கற்பலகையில் பொய்த்துப் போயிற்று. பரம்பரை பரம்பரையாக மறுக்கப்பட்ட எழுத்தை, சில ஆண்டுகளில் அவன் கைப்பற்றினான்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நாமும் பாராட்டி நிறுத்தியிருப்போம். ஆனால் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. எழுத்து, கணக்கு, சிறிது ஆங்கிலம். பிழைப்புக்கு வழி, நல்ல வேலைக்காரனாகும் தகுதி. இதற்குமேல் அவர்களுக்கெனக் குறிக்கோள் வகுக்கப்படவில்லை. தேறியவனுக்கு ஏற அடுத்த படி எங்கே? உயர்நிலைப் பள்ளியின் வாயிலில் மீண்டும் சாதியே நின்றது.

ஆல்காட் 1907இல் மறைந்தார். அன்னிபெசன்ட் அம்மையார் சபைத் தலைவரானார். 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரெவ்யூ' இதழில் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் குறித்து அவர் எழுதினார். அவர்களுக்குத் தூய்மையும் ஒழுக்கமும் தொடக்கக் கல்வியும் புகட்டவேண்டும் என்றார். ஆனால், உயர்ந்தோர் எனப்படுவோரின் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் அவர்களை அமர்த்தக்கூடாது என்றும் வாதிட்டார். அவர்கள் உடல் அதற்குத் தகுதிபெறப் பல தலைமுறைத் தூய உணவும் வாழ்வும் வேண்டுமாம்! அண்ணல் அம்பேத்கர் 1945இல் தம் நூலில் இக்கட்டுரையை எடுத்துக்காட்டி, உலகறியச் செய்தார். தேர்வில் தேறியவனுக்குப் பெஞ்சில் இடமில்லை! மதிப்பெண் போதும்; உடல்தான் போதாது! இதற்குப் பெயர் கல்வித் தொண்டா, கனிவோடு கட்டிய வேலியா?

வேலியைப் பெயர்க்க அம்மக்களே எழுந்தனர். 1898இல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய பண்டிதர் அயோத்திதாசர், பஞ்சமர் என்ற பெயரையே ஏற்க மறுத்தார். 1907இல் இதழ் தொடங்கி, தம் மக்களைத் தொல்குடித் தமிழராக, பூர்வ பௌத்தராக நிமிர்ந்து நிற்கச் சொன்னார். பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா, சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். 1922இல் நீதிக்கட்சி ஆட்சி, ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றது. 1920இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு தந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. அந்த ஓரணா, பசியால் வராத பிள்ளையை வருகைப் பதிவேட்டில் சேர்த்தது.

எனினும் பழைய எண்ணம் எளிதில் சாகவில்லை. 1953இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டம் வந்தது. நல்ல வேலைக்காரனாக்கும் குறிக்கோள் மறுபடி வேறு ஆடையணிந்து வந்ததென்று நாடு கண்டுகொண்டது, கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் வீழ்ந்தது.

இன்று ஊரூரை ஒட்டிய மீனவர் குப்பம் ஆல்காட் பெயரைத் தாங்குகிறது. அன்று தொடங்கிய பள்ளி, ஆல்காட் நினைவு மேனிலைப் பள்ளியாகப் பன்னிரண்டாம் வகுப்புவரை வளர்ந்து நிற்கிறது. எங்கே? பெசன்ட் அம்மையார் பெயர்கொண்ட பெசன்ட் நகரிலே! தொடக்கக் கல்வி போதும் என்று வகுத்த எல்லையைப் பிள்ளைகள் தாண்டிவிட்டனர்.

ஆசிரியத் தோழர்களே! நம் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை யாரேனும் கேட்டால் பெருமையோடு கூறுவோம். ஆனால் கூடவே இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்போம். நம் பெஞ்சில் யார் யார் அருகருகே அமர்ந்துள்ளனர்? தேறிய பின் அவர்கள் ஏற அடுத்த படி இருக்கிறதா? இவ்விரண்டுக்கும் நேர்மையான விடை தரும் பள்ளியே பொதுப்பள்ளி. மற்றவை, பலகை மட்டும் மாட்டிய கட்டடங்கள்.