கோவளத்துப் புழுவும் தென்துருவத்துப் புழுவும்

கோவளம்னா நம்ம ஆளுங்களுக்கு ஈசிஆர், மீன் வறுவல், அலைச்சறுக்கு. வரலாறு தெரிஞ்சவங்க 1752-ல் கிளைவ் இங்கிருந்த கோட்டையைப் பிடிச்ச கதையைச் சொல்வாங்க. விலங்கியல்காரங்களுக்கு மட்டும் இன்னொன்னு ஞாபகம் வரும்: டெட்ராஸ்டெம்மா ஃப்ரேயே. 2020-ல் புது இனம்னு அறிவிக்கப்பட்ட ஒரு ரிப்பன் புழு. சத்யபாமா நிகர்நிலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ரஷ்ய, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதின கட்டுரை அது.

நாடாப்புழுன்னு தமிழ்ப்படுத்தத்தான் ஆசை. ஆனா அந்தப் பேரைக் குடல்ல குடியிருக்கிற ஒட்டுண்ணி எப்பவோ பட்டா போட்டு வாங்கிடுச்சு. இது வேற ஜாதி. மண்புழு மாதிரி வளையம் வளையமா இருக்காது. உடம்புக்குள்ள ஒரு நீளமான குழாயை மடிச்சு வெச்சிருக்கும். இரை கிட்ட வந்தா அதை வெளியே வீசிப் பிடிக்கும். டெட்ராஸ்டெம்மா வகையறாவுக்கு அந்தக் குழாயில ஒரு குட்டி ஊசியும் உண்டு.

இதுங்களை வகைப்படுத்துறது பெரிய தலைவலிங்க. உயிரோட இருக்கும்போது நிறம், கண், நெளிவு எல்லாம் தெரியும். சாராயத்துல போட்டா நிறம் போயிடும், சுருங்கிடும், பல சமயம் துண்டு துண்டா உடைஞ்சும் போயிடும். அதனால மெழுகில் பதிச்சு, மெல்லிசா சீவி, சாயமேத்தி, நுண்ணோக்கியில பார்த்துத்தான் இனம் பிரிச்சாங்க. ஒரு புழுவுக்கே நூத்துக்கணக்குல சீவல்!

இந்தப் பொறுமையெல்லாம் இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்கின்டாஷ். 1864-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒதுங்கின, 55 மீட்டருக்கும் மேல நீளமான ரிப்பன் புழுவைப் பத்தி எழுதினவர் அவர்தான். (இழுத்தா ரப்பர் மாதிரி நீளும் ஜென்மம், அதனால அந்த அளவை நான் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் எடுத்துக்கிறேன்.) 1874 டிசம்பரில் வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கிறதைப் பார்க்க, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில இருக்கிற கெர்கலன் தீவுக்கு ஒரு பிரிட்டிஷ் குழு போச்சு. வானம் பார்க்கப் போனவங்களோட ஒரு இயற்கையியலாளரும் போனார். அந்தத் தீவுப் புழு ஒண்ணுக்கு 1876-ல் மெக்கின்டாஷ் வெச்ச பேர் 'கொருகாட்டஸ்', அதாவது சுருக்கம் விழுந்தது. சுருக்கம் புழுவோடதா, சாராயத்தோடதா, அது வேற சந்தேகம்! இன்னிக்கு அதுக்கு முழுப்பேர் பார்போர்லேசியா கொருகாட்டஸ். 2 மீட்டர் வரை வளரும். செத்த சீலைக்கூட மொய்ச்சுத் தின்னும். தோலில் ஊறுற அமிலச் சளியால மீன்கள் கிட்டவே வராது.

நம்ம பக்கத்துக் கடலுக்கும் அதே ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்து சேர்ந்தார். 1899-1900-ல் ஸ்டான்லி கார்டினர் மாலத்தீவு, லட்சத்தீவுப் பக்கம் சேகரிச்ச ரிப்பன் புழுக்களைப் பத்தி 1903-ல் எழுதினவர் ரெஜினால்ட் பன்னெட். செயின்ட் ஆண்ட்ரூஸில் மெக்கின்டாஷோட துறையில வேலை பார்த்தவர். எங்கேயோ கேட்ட பேரா இருக்கா? ப்ளஸ் டூ-வில் கட்டம் போட்டுப் பட்டாணி கலந்தோமே, பன்னெட் சதுரம், அவரேதான். அப்புறம் புழுவை விட்டுட்டு மரபியலுக்குப் போயிட்டார்.

வேடிக்கை என்னன்னா, அவர் தாவின அந்த மரபியல்தான் கடைசியில புழுக்களோட பஞ்சாயத்துக்கும் வந்து நின்னுச்சு. கொருகாட்டஸ் அண்டார்டிகாவைச் சுத்தியும் இருக்கு, தென் அமெரிக்க முனையிலயும் இருக்குன்னு நூறு வருஷத்துக்கும் மேல எழுதிட்டு வந்தாங்க. 2008-ல் டிஎன்ஏ ஒப்பிட்ட ஆய்வு, ரெண்டு பக்கமும் தனித்தனி வம்சம்னு சொல்லிடுச்சு. நடுவுல ஓடுற குளிர்நீர் எல்லையைத் தாண்டி இதுங்க கலக்கவே இல்லை. பார்க்க ஒண்ணு, உள்ள வேற.

கோவளத்துக் கதை இதுக்கு நேர் தலைகீழ். சென்னைக் கரைப் புழுவும் பசிபிக் நடுவுல இருக்கிற ஹவாய்ப் புழுவும் ஒரே இனம்! பேர்கூட ஸ்மித்சோனியனைச் சேர்ந்த ஃப்ரேயான்னு ஒரு ஆய்வாளரோடது. அவ்வளவு தூரம் எப்படிப் பரவுச்சு? குஞ்சுப் பருவத்துல நீரோட்டத்தோட போச்சா, கப்பலோட அடியில ஒட்டிக்கிட்டுப் போச்சா? எனக்குக் கப்பல் மேலதான் சந்தேகம்.

1995-ல் ரே கிப்சன் போட்ட பட்டியல்ல உலகம் முழுக்க 1149 ரிப்பன் புழு இனங்கள். அதுல எத்தனை பேர் ஒண்ணு ரெண்டாகும், எத்தனை ரெண்டு ஒண்ணாகும்னு இனிமேல்தான் தெரியணும். கோவளம் பாறையில பாசியைக் கிளறிப் பார்க்கிற மக்கள் யாராவது இருந்தா, பின்னூட்டத்துல சொல்லுங்க.