பனிக்கட்டி உருளைகள்

பனிப்படலங்களையும் உயர்மலைப் பனியாறுகளையும் துளையிட்டு எடுக்கப்படும் நீண்ட உருளை வடிவப் பனிக்கட்டிகள். பூமியின் பழைய காலநிலையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. துருவப் பகுதிகளில் ஆண்டுதோறும் பெய்யும் பனி உருகாமல் அடுக்கடுக்காகப் படிந்து, மேலடுக்குகளின் எடையால் இறுகுகிறது. ஏறத்தாழ 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில் பனித்துகள்களுக்கு இடையே இருந்த காற்று குமிழ்களாக அடைபடுகிறது. மர வளையங்களும் ஏரிச் சேறும் பழைய காலநிலையைக் குறிப்பால் உணர்த்துபவை. பனி உருளையோ அந்தக் காலத்துக் காற்றையே கையில் தருகிறது.

1930-31 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆய்வாளர் ஆல்ஃபிரட் வேகனரின் கிரீன்லாந்துப் பயணக் குழுவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் சோர்கே ஏறத்தாழ 15 மீட்டர் ஆழக் குழி தோண்டி, பனியின் ஆண்டு அடுக்குகளை ஆராய்ந்தார்.

ஆனால் இத்துறையின் உண்மையான தொடக்கம் ஒரு பீர் பாட்டில். 1952 ஜூனில் கோபன்ஹேகனில் அடைமழை பெய்தபோது, டென்மார்க் இயற்பியலாளர் வில்லி டான்ஸ்கார்ட் தம் வீட்டுப் புல்தரையில் காலி பாட்டில் ஒன்றை நிறுத்தி, வாயில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். நீரில் பெரும்பகுதி ஆக்சிஜன்-16; சிறு அளவில் கனமான ஆக்சிஜன்-18 உண்டு. மேகம் குளிரக் குளிர, கனமான நீர் முந்திப் பொழிந்துவிடுவதால் பின்னர் விழும் மழையிலும் பனியிலும் அதன் பங்கு குறைகிறது. ஆகவே, ஒரு பனி அடுக்கில் ஆக்சிஜன்-18 எவ்வளவு என்று அளந்தால் அந்தப் பனி பெய்த நாளின் குளிரைக் கணிக்கலாம். பழைய காலநிலையைப் பனிப்படலத்தில் தேடலாம் என்ற கருத்தை அவர் 1954-இல் வெளியிட்டார். தேடுவதற்கான பனி கிடைக்கத்தான் பல ஆண்டுகள் ஆயின.

அது ராணுவத்திடமிருந்து வந்தது. வடமேற்குக் கிரீன்லாந்தில் பனிக்கு அடியில் சுரங்கம் வெட்டி அமெரிக்க ராணுவம் நடத்திய கேம்ப் செஞ்சுரி முகாம், சிறிய அணு உலை ஒன்றின் மின்சாரத்தில் இயங்கியது. ஏவுகணைகளைப் பனிக்குள் மறைத்துவைக்கும் திட்டமும் பின்னணியில் இருந்தது. அங்கே 1966-இல் துளைக்கருவி ஏறத்தாழ 1,390 மீட்டர் இறங்கிப் பனியின் அடியைத் தொட்டது. அமெரிக்க ஆய்வாளர் செஸ்டர் லாங்வேயின் பொறுப்பில் இருந்த அந்த உருளையை டான்ஸ்கார்ட் குழு ஆராய்ந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுக் காலநிலை வரலாற்றை 1969-இல் வெளியிட்டது. அடிப்பகுதிக்கு அவர்கள் கணித்த வயது பின்னர் திருத்தப்பட்டது. பனிக்குக் கீழிருந்து எடுத்த மூன்று மீட்டருக்கும் மேலான உறைமண், உறைகிடங்கு ஒன்றில் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. அதைக் கழுவிப் பார்த்தவர்கள் சுள்ளிகளையும் பாசி இலைகளையும் கண்டதாக 2021-இல் அறிவித்தனர்: இன்று பனி மூடிய அந்த இடத்தில் ஒருகாலத்தில் செடிகள் வளர்ந்திருந்தன. அந்த மண் கடைசியாக வெயில் கண்டது ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்பது 2023-இல் வெளியான கணிப்பு.

காற்றுக்குமிழ் ஆய்வுக்கு ஒரு விஸ்கிக் கோப்பையைத் தொடக்கமாகச் சொல்வார்கள். 1965-இல் அண்டார்க்டிகாவின் அடேலி நிலத்தில், பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் லோரியஸ் விஸ்கியில் போட்ட பழம்பனித் துண்டிலிருந்து குமிழ்கள் வெடித்து வெளிவருவதைப் பார்த்தார். அந்தக் காற்றை அளந்தால் என்ன என்ற எண்ணம் அப்போது எழுந்ததாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அண்டார்க்டிகாவின் சோவியத் வஸ்தோக் நிலையத்தில் எடுத்த உருளையை ஆராய்ந்த சோவியத்-பிரெஞ்சுக் குழு, 1,60,000 ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடும் வெப்பநிலையும் சேர்ந்தே ஏறி இறங்கியதை 1987-இல் காட்டியது. 1998-இல் 3,623 மீட்டர் ஆழத்தோடு நின்ற துளை, 4 லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பதிவைத் தந்தது.

வெப்பமா, கார்பன் டை ஆக்சைடா, எது முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குமிழ் மூடிக்கொள்ளக் காலம் பிடிப்பதால், காற்று தன்னைச் சூழ்ந்த பனியைவிட இளையது; வஸ்தோக்கில் இந்த இடைவெளி ஆயிரக்கணக்கான ஆண்டுகள். முந்தைய பனியுகம் ஒன்றின் முடிவில் அண்டார்க்டிக் வெப்பம் முந்தியது, வாயு சில நூற்றாண்டுகள் பிந்தியது என 2003-இல் ஓர் ஆய்வு கூறியது. கடைசிப் பனியுகத்தின் முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒருங்கே உயர்ந்தன என 2013-இல் மற்றொன்று கூறியது. எப்படியாயினும், உயர்ந்த வாயு வெப்பத்தை மேலும் பெருக்கியது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்.

கிரீன்லாந்தின் நடுவே 1992, 1993-இல் ஏறத்தாழ 30 கி.மீ. இடைவெளியில் எடுக்கப்பட்ட இரு உருளைகள், காலநிலை சில பத்தாண்டுகளுக்குள்ளேயே தடம் மாறக்கூடும் என்று காட்டின. அடிப்பகுதியில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகவில்லை; பாறையை ஒட்டிய பனி மடிந்து குழம்பியதே காரணம் எனக் கருதப்படுகிறது.

மலைப்பனியில் அமெரிக்க ஆய்வாளர் லானி தாம்சன் குழுவின் பணி குறிப்பிடத்தக்கது. 1997-இல் திபெத்தின் தாசுவோபு பனியாற்றில், 7,200 மீட்டர் உயரத்தில் எடுத்த உருளையில், 1790 முதல் 1796 வரையிலான பருவமழைப் பொய்ப்பு தூசாகவும் குளோரைடாகவும் பதிந்திருந்தது. 1790-ஐ ஒட்டிய வறட்சியைச் சென்னை மாகாணத்தின் சாமல்கோட்டையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பரோவும் குறித்துவைத்திருக்கிறார்.

அண்டார்க்டிகாவின் டோம் சி உருளை பதிவை 8 லட்சம் ஆண்டுகளுக்கு நீட்டியது. அவ்வளவு காலத்திலும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2025 ஜனவரியில், அதற்கு அருகே ஐரோப்பியக் குழுவொன்று 2,800 மீட்டர் துளைத்து, 12 லட்சம் ஆண்டுகளுக்கும் பழையதெனக் கணிக்கப்படும் பனியை எடுத்தது. உருளைகள் மைனஸ் 50 டிகிரிக் குளிரில் காக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறின.