வேம்பார் வழியே ஒரு சாலை

கிழக்குக் கடற்கரைச் சாலை என்றதும் நம்மில் பலருக்குச் சென்னை, மாமல்லபுரம்தான் ஞாபகம் வரும். அதே சாலை தெற்கே தூத்துக்குடி வரை நீள்கிறது. ராமநாதபுரத்திலிருந்து வரும் சுமார் 120 கி.மீ. துண்டில்தான் வேம்பார் இருக்கிறது.

பரதவர்களின் ஏழு கடல்துறைகளில் ஒன்று இது. முத்துக்குளித்த காலத்தில் ஊருக்குக் கடல்தான் தலைவாசல். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. இன்று மீன், உப்பு, கருப்பட்டி எல்லாம் சாலையை நம்பித்தான்.

முன்பு மாநில நெடுஞ்சாலை. இப்போது தேசிய நெடுஞ்சாலை 32. எண் மாறினாலும் சிக்கல் மாறவில்லை. சாலை கடலோரமாக ஓடுவதால், மேற்கிலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீரையெல்லாம் தாண்டியாக வேண்டும். வைப்பாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம். பாலத்தின் கண்கள் அடைபட்டால் சாலையே அணையாகிவிடும்! உப்புக்காற்று வேறு பாலத்தின் கம்பியை அரிக்கும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் இதே மாவட்டத்தில் பல சாலைகள் உடைந்ததை மறக்க முடியுமா?

புதுத் தார் போட்டால் மகிழ்கிறோம். குழாய்ப்பாலத்தைத் தூர்வாரினார்களா என்று கேட்பதில்லை. ஒரு சாலையின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை வேம்பார் பக்கம் போனால், சாலைக்கு அடியிலும் கொஞ்சம் பாருங்கள்.