பரணில் இருந்த கருப்பு

மாமா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த வீடியோ கேசட்டின் முதுகில் நீலப் பேனாவால் ‘வி.கருப்பு 1, 2, 3’ என்று எழுதியிருந்தது. இப்போது அதில் இருப்பது 1 மட்டும்தான். மற்ற இரண்டும் அழிந்த இடத்தில் ஒரு காதுகுத்து ஓடுகிறது.

எழுமலையில் வீடியோ டெக் வாடகைக்கு விட்டவர் அவர். கோயில் கும்பிடு, சடங்கு, காதுகுத்து எதுவானாலும் டிவியும் டெக்கும் தள்ளுவண்டியில் போகும். விடிய விடிய மூன்று படம். கேபிள் வந்ததும் அந்தப் பிழைப்பு படுத்தது. அந்தச் சமயத்தில்தான், தொண்ணூறுகளின் பிற்பாதியில், சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ வந்தது.

கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். கதை மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜனுடையது. ‘விட்டுவிடு கருப்பா’ என்று நாவலாக இருந்ததைத்தான் தொடராக்கினார்கள். ஊர்க் காவல்தெய்வமான கருப்பு குதிரையேறி வந்து தப்புச் செய்தவனைத் தண்டிக்கிறது என்று ஒரு கிராமமே நம்புகிறது. அங்கே வளரும் ஒரு சிறுவனின் கதையும், பல வருஷம் கழித்து நடக்கும் கதையும் மாறி மாறி வரும். மனநோயை வைத்து முடிச்சை அவிழ்க்கும் கதைதான்; ஆனாலும் கருப்பை அது கேலி செய்யவில்லை. எங்கள் பக்கம் அந்தத் தொடர் நின்றதற்கு அதுதான் காரணம் என்பேன். இங்கே கருப்பு கதாபாத்திரம் அல்ல. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலை கிடையாது. சந்தனம் அப்பிய, மூடிய கதவைத்தான் கும்பிடுகிறோம். அந்தக் கதவின் முன் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஆளுக்குக் கை நடுங்கும்.

வாரத்துக்கு ஒரு தடவைதான் தொடர். கரன்ட் போனால் அந்த வாரம் போச்சு. மறுநாள் காலையில் மாமாவின் கடை வாசலில் ஆள் நிற்கும்: “நேத்து யாரய்யா செத்தது?” அதற்காகவே முதல் பகுதியிலிருந்தே பதிந்து வைத்தார். இரண்டு காலமும் பின்னிப் போவதால், நடுவில் பார்க்க வந்தவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அதனால் முதல் பகுதி கேட்டுத்தான் அதிகம் பேர் வந்தார்கள். தூர்தர்ஷன் காலத்தில் ‘பைலட்’ என்று ஒரு பகுதியை எடுத்துக் காட்டி, பிறகு 13 வாரத்துக்கு அனுமதி வாங்குவார்கள். எங்கள் தெருவில் அந்தப் பைலட் வேலையைச் செய்தது மாமாவின் கேசட். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு வீடும் தொடருக்குள் போனது.

கேசட்டின் முதுகோரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. மாமா உடைத்துத்தான் வைத்திருந்தார். யாரோ அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டினால் டெக் ஏமாந்து மறுபடி பதியும். அவசரத்துக்கு வேறு கேசட் இல்லை. காதுகுத்து வீடியோவைப் பிரதி எடுக்கும்போது நல்லவேளையாக நாடாவைத் தொடக்கம்வரை சுற்றவில்லை. முதல் பகுதி தப்பியது, நடுவில் வந்த விளம்பரங்களோடு.

பிறகு காலம் மாறியது. 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது கேசட்டைத் தொட ஆளில்லை. மர்மதேசமும் டிவிடியாக வந்தது. பின்னால் பாலசந்தரின் கவிதாலயா யூடியூபில் ஏற்றியது. தொடரில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னாளில் தம்பதியானார்கள். 2023-ல் ‘விடுதலை’ பார்த்த பையன்களுக்குச் சேத்தனை அந்தப் படத்தின் அதிகாரியாகத்தான் தெரியும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அந்தச் செய்தி வந்த இரவில்தான் மாமா பரண் ஏறினார்.

மதுரையில் பழைய கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். கேசட்டின் அடியில் ஐந்து திருகாணி. கழற்றியதும் நாடாச் சுருளின் விளிம்பில் விபூதி பூசியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. 180 நிமிடக் கேசட்டுக்குள் 250 மீட்டருக்கு மேல் நாடா உண்டு, அகலம் அரை அங்குலம். அவர் கையால் சுற்றிச் சுற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். சாயங்காலம் படம் வந்தது. கோடு விழுந்து, நிறம் சிந்தி, ஆனால் வந்தது. மாமா படத்தைவிட விளம்பரங்களைத்தான் உற்றுப் பார்த்தார். “மாப்ள, இந்த நேரத்துலதான் ஜனம் தண்ணி குடிக்க எந்திரிக்கும்” என்றார்.

யூடியூபில் இருப்பது தொடர். முதல் பகுதி வந்த ராத்திரி எழுமலைக்கு வந்து சேர்ந்த ஒளிபரப்பு, இடைவேளையும் விளம்பரமும் சேர்த்து, இந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் டெக்கில் செருகிப் பார்க்கவும் வேண்டாம். நாடாவும் அறுந்துபோகும், டெக்கின் ஹெட்டும் கெடும். முதலில் துடைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.