பாலும் கொலையும்

வரலாறு என்றவுடன் மாணவர் மனத்தில் எழுவன முடியும் போருமே. ஒரு பால் தகரத்துக்கும் வரலாறு உண்டோ என நகைப்பாரும் உளர். ஆயின் சென்ற நூற்றாண்டிலே வெப்பவலய நாடுகளில் தாயின் மடியிற் கிடந்தவாறே வயிற்றோட்டத்தால் மாண்ட குழவிகள் எண்ணிறந்தோர். அச்சாவுக்கான காரணங்களுள் ஒன்றை அஞ்சாது எடுத்துரைத்த மருத்துவர் ஒருவரின் வரலாறே ஈண்டு எழுதப்படுகின்றது.

சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1893ஆம் ஆண்டு யமேக்காத் தீவிற் பிறந்து, ஒக்ஸ்போர்ட்டிற் கற்று மருத்துவரானவர். 1929இல் பிரித்தானியக் குடியேற்றநாட்டு மருத்துவச் சேவையினர் அவரைப் பொற்கரை நாட்டுக்கு, அஃதாவது இன்றைய கானாவுக்கு, அனுப்பினர். உடல் வீங்கி, மயிர் செம்பட்டை பாய்ந்து, தோல் உரிந்து இறக்கும் குழந்தைகளை அவர் அங்கே கண்டார். கா மொழி பேசும் தாய்மார் அந்நோயைக் ‘குவாசியோர்க்கர்’ என்றனர். இளைய பிள்ளை பிறந்ததும் முலைப்பாலினின்றும் விலக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். பால் மறந்த குழந்தைக்குச் சோளக்கூழே உணவாயினமையாற் புரதம் குறைந்தது என்பது அம்மையாரின் கருத்து. 1933இல் நோயை விவரித்த அவர், 1935இல் அப்பெயரையே மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தார். கல்லாத் தாயரிடம் கேட்டறிந்த சொல்லை மருத்துவ ஏட்டில் ஏற்றிய அடக்கம் அக்காலத்து வெள்ளை அதிகாரிகளிடம் காண்டற்கரியது. மேலதிகாரிகளோடு பிணக்குற்ற அவர் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார்.

நம் முன்னோர் பலர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஊழியம் பார்த்த அதே மலாயாதான் அது. அங்கே அவர் கண்டது வேறொரு கேடு. பிறந்த சில நாட்களிலேயே குழவிக்கு முலைப்பால் நிறுத்தப்பட்டு, ‘ரின்பால்’ என நம்மவர் வழங்கும் சீனியிட்ட கட்டிப்பால் ஊட்டப்பட்டது. தாதியர் உடை தரித்த பெண்கள் தாய்மாரை நாடிச் சென்று, தங்கள் பாலே சிறந்ததென விற்றுவந்தனர். அப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனி. கொழுப்பு நீக்கிய வகையிலோ உயிர்ச்சத்து ஏ இல்லாமையாற் கண்ணொளி இழந்த குழந்தைகளும் உண்டு. பிரித்தானியாவில் இத்தகைய தகரங்கள்மீது, குழவிகளுக்கு ஆகாது என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என விதியிருந்தது. தாய்நாட்டுக்கு ஒரு நீதி, ஆளப்படும் நாட்டுக்கு மற்றொரு நீதி!

கேடு விளையும் முறையையும் அறிதல் வேண்டும். தகரம் விலை கூடியது. ஆதலின் ஏழைத் தாய் பாலை நீரால் நெகிழ்த்துவாள். அந்நீர் கொதித்த நீரன்று. சூப்பிப் போத்தலின் இரப்பரிற் கிருமி பெருகும். முலைப்பால் தரும் நோயெதிர்ப்பும் குழவிக்கு இல்லை. வயிற்றோட்டம் வரும், உண்டது உடலிற் சேராது, மெலிந்த உடலை மீண்டும் வயிற்றோட்டம் பற்றும். இதற்கிடையில் தாய்க்குப் பால் வற்றிவிடும். திரும்பிச் செல்ல வழியில்லை. பிரேசில் நாட்டுப் பெலோட்டாசு நகரிலும் போட்டோ அலெக்ரே நகரிலும் நடத்திய ஆய்வொன்று 1987இல் வெளிவந்தது. முலைப்பாலே பெறாத குழவி வயிற்றோட்டத்தால் இறக்கும் இடர், முலைப்பால் மட்டும் பெற்ற குழவியின் இடரினும் 14 மடங்கு என அது காட்டிற்று.

1939இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தார் அவரைப் பேச அழைத்தனர். அவர் உரைக்கு இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான பாலுணவுப் பிரசாரத்தை இராசத்துரோகத்தின் கொடிய வடிவாகக் கொண்டு தண்டிக்க வேண்டுமென்றும், அதனால் நிகழும் சாவுகளைக் கொலையென்றே கருத வேண்டுமென்றும் வணிகர் நிறைந்த அவையிலே கூறினார். கொலை என்னும் சொல் மிகையென்பாரும் உளர். கூலிவேலைக்குப் போகும் தாய் எவ்வாறு பாலூட்டுவாள் என அவர்கள் கேட்பது நியாயமான கேள்வியே. ஆயினும், தீங்கு தரும் என ஓரிடத்தில் எச்சரிக்கை எழுதவைத்து, அதனையே வேறோரிடத்தில் நலந்தரும் என விற்க விட்டமையை அறியாமை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

1942இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, அம்மையார் சாங்கிச் சிறையில் அடைபட்டார். யப்பானியக் காவற்படையின் சித்திரவதைக் கூடத்திலும் சில மாதம் இருந்தார். உணவின்றி வாடிய அச்சிறையில் இருபது குழவிகள் பிறந்தன. இருபதும் முலைப்பால் உண்டன. இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் எடுத்துரைப்பதுண்டு.

அவர் குரல் நெடுங்காலம் தனிக்குரலாகவே இருந்தது. 1974இல் மைக் முல்லர் என்பார் எழுதிய ‘குழந்தைக் கொல்லி’ என்னும் சிறுநூல் இலண்டனில் வெளியாயிற்று. பேர்ண் நகரத்துக் குழுவொன்று அதனை நெஸ்லே நிறுவனத்தின் பெயரைத் தலைப்பிலிட்டு யேர்மன் மொழியில் வெளியிட, நிறுவனம் மானநட்ட வழக்குத் தொடுத்தது. 1976இல் தலைப்பு அவதூறே எனத் தீர்ந்து சிறு தண்டம் விதிக்கப்பட்டது. ஆனால் அதே நீதிபதி, விளம்பர முறையை அடியோடு மாற்ற வேண்டுமென நிறுவனத்துக்கும் அறிவுறுத்தினார். மறு ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் பகிட்கரிப்பு ஆரம்பமாயிற்று.

1981ஆம் ஆண்டு மே மாதம் செனீவாவிற் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்குரிய ஒழுக்கக்கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே. அது ஐக்கிய அமெரிக்கா. அப்பொழுது வில்லியம்ஸ் அம்மையாருக்கு வயது 87.