பெயரிலே மச்சம், பிறப்பிலே பயறு

மாந்தர் உடையை விரைவில் மாற்றுவர். பேச்சிற் பிறமொழிச் சொற்களையும் தயக்கமின்றிக் கலப்பர். ஆயின் அடுப்பிலேறும் பொருளை மாற்றுதற்கு இலகுவில் இசையார். ஈழத்தமிழராகிய எமக்கோ உணவு சமயத்தோடும் பிணைந்தது. புலால் கலவாத உணவைச் 'சைவம்' என்றும், மீனும் இறைச்சியும் சேர்ந்ததை 'மச்சம்' என்றும் வழங்குகின்றோம். சமயத்தின் பெயரையே உணவுக்கு இட்டு வழங்கும் எமது வீடுகளில் 'சோயா மீற்' என்னும் பண்டம் எவ்வாறு புகுந்தது? கந்தசஷ்டிச் சமையலில் அதனைச் சேர்க்கலாமா என்று ஜிந்துப்பிட்டி வீடுகளிற் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வழக்காடுகின்றனர். வழக்கினைத் தீர்க்குமுன் வரலாற்றை அறிதல் நன்று.

எமது முன்னோர் எக்காலத்தும் ஒரே உணவை உண்டவரல்லர். புறநானூற்றின் 119 ஆம் பாட்டிலே கபிலர், பாரியின் நாட்டு மழைக்காலத்தைச் சொல்லுமிடத்து, புற்றிலிருந்து எழும் ஈசலை மோரோடு கூட்டிச் சமைத்த புளிங்கறியைச் சிறப்பித்துப் பேசுகின்றார். அகநானூற்றின் 394 ஆம் பாட்டும் தயிரும் வரகரிசியும் ஈசலும் சேர்ந்த சோற்றை இனிய விருந்தாகவே காட்டுகின்றது. தமிழகத்தின் சில கிராமங்களில் ஈசலை வறுத்து உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. இதனை இழிவென்று கபிலர் கருதவில்லை.

பின்வந்த காலத்தில் நோக்கு மாறிற்று. திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலே நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதிய பாலபாடத்திலும் கொலையையும் புலாலுண்ணலையும் கண்டித்தார். உண்ணத்தக்கது எது என்னும் எண்ணம் அறிவினாலும் அறத்தினாலும் மாறத்தக்கதே என்பதற்கு எமது இலக்கிய வரலாறே சான்று.

இனிச் சோயாவின் கதைக்கு வருவோம். சோயா அவரை சீனத்திலே பன்னெடுங்காலமாகப் பயிராகி வருவது. அங்குள்ள பௌத்த மடங்களின் சமையற்காரர், கோதுமைப் பசையினாலும் சோயாவினாலும் இறைச்சியை ஒத்த பண்டங்களைச் செய்தனர். 1960-களில் அமெரிக்க நிறுவனமொன்று இதனை ஆலைத்தொழிலாக்கியது. எண்ணெய் நீக்கிய சோயா மாவைச் சூடும் அழுத்தமும் மிக்க இயந்திரத்தினூடே தள்ளுவர். சிறு துளையால் வெளிவரும் பசை, அழுத்தம் நீங்கியவுடன் பொருமி, நார் கொண்ட துண்டாகின்றது. 100 கிராம் உலர்ந்த துண்டிலே ஏறக்குறைய 50 கிராம் புரதம் உண்டு. மைசூர்ப் பருப்பில் இதிற் பாதியே உண்டு.

இலங்கையிற் சோயாவுக்கு வழி திறந்தது வறுமையே. 1970-களின் முற்பகுதியில் இறக்குமதி சுருங்கிற்று; 1973 இல் அரிசிப் பங்கீடு குறைந்தது; பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற கதையை எம் பெரியோர் இன்றும் சொல்வர். அதே 1973 இல் 'கெயார்' நிறுவனத்தின் துணையுடன் 'திரிபோஷா' திட்டம் தொடங்கியது. சோளமும் சோயாவும் கலந்த இந்தச் சத்துமா, கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் அன்னையருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டது. பின்னர் பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில், சோயா உணவு ஆராய்ச்சிக்கென நிலையம் ஒன்று அமைந்தது. சோயாவின் பச்சை வாடையை எம்மவர் விரும்பார்; விதையைக் கொதிநீரில் இட்டால் அவ்வாடை அடங்கும். இத்தகைய சிறு அறிவு அடுக்களைக்கு எட்டிய பின்னரே புதுப்பயிர் உணவாயிற்று.

சோயாத் துண்டு மக்கள் மனத்தை வென்றது பிரசாரத்தினால் அன்று. எமது தாய்மாரின் கைப்பக்குவத்தினால். சுடுநீரில் ஊறவிட்டு, பிழிந்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, கறித்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இறக்கினால், வந்தது பழகிய கறியின் மணமே. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் பக்கற் கெடாது இருக்கும். துறைமுகத்தை அண்டிய எமது பகுதியின் உழைப்பாளர் குடும்பங்களுக்கு இது பேருதவி. 2022 செப்டெம்பரிலே கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது, மீனும் முட்டையும் எட்டாக் கனியாயின. சோயாவின் விலையும் ஏறிற்று. எனினும் அதன் அருமையை அன்று பலர் உணர்ந்தனர்.

ஆயினும் பெயர் ஒரு தடை. தமிழகத்தார் இதே பண்டத்தை 'மீல் மேக்கர்' என்பர். அங்கே எவரும் பெயரைக் கேட்டு முகஞ்சுளிப்பதில்லை. இங்கோ 'மீற்' என்று சொல்லி, கோழிச் சுவை, கணவாய்ச் சுவை என்று பக்கற்றிலும் அச்சிடுகின்றனர். "மச்சத்தின் பெயரையும் மணத்தையும் நாடும் நாவுக்கு விரதம் ஏது?" என்று பாட்டி கேட்பதில் நியாயம் உண்டு. விரதம் கொல்லாமை மாத்திரமன்று, நாவடக்கமுமாகும். "உயிர் எதுவும் வதைபடவில்லையே" என்று பேரன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மச்சத்தை விட முயல்வோனுக்கு இது ஒரு படிக்கட்டு.

உலகமோ இன்னும் அப்பாற் சென்றுவிட்டது. 2013 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பூச்சியுணவை ஆராய்ந்து பேரறிக்கை வெளியிட்டது. 2021 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒருவகை மாப்புழுவை உணவாக அனுமதித்தது. 2024 இற் சிங்கப்பூர் 16 பூச்சியினங்களை ஏற்றது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மக்களின் செவ்வெறும்புச் சட்னிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பூச்சியும் உயிரே; ஆதலாற் சைவ அடுக்களைக்கு அது ஏலாது. எனினும் அதனை உண்போரை இகழ்தல் எமக்குத் தகாது. கபிலர் கண்ட விருந்தை நாம் மறத்தலாகாது.

ஆகவே எம் கருத்து இது: விரதநாளிலே பருப்பும் பயறும் மரக்கறியும் போதும், பாட்டியின் சொல்லே நிற்கட்டும். ஏனைய நாட்களிற் சோயாவை மனமுவந்து ஏற்போம். பக்கற்றின் சேர்மானப் பட்டியலைப் படித்து, விலங்குப் பொருள் இல்லையென அறிந்தே வாங்குவோம். 'மீற்' என்னும் சொல்லை விடுத்துச் 'சோயாக் கறி' என்றே வீட்டில் வழங்குவோம். இளைஞர்காள், கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் நீவிரே; பட்டியலைப் படித்துப் பாட்டிக்குச் சொல்லும் பொறுப்பும் உம்முடையதே.