அடைப்புக்குறிக்குள் ஒரு ஊசித்தட்டான்

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு குளத்தோரப் புல்லில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தால் அது கண்ணில் படும். எலுமிச்சை மஞ்சளில் ஊசி மாதிரி வால், பாசிப்பச்சை முதுகு, தலையின் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி வைத்த கண்கள். உட்கார்ந்ததும் இறக்கைகளை முதுகுக்கு மேலே சேர்த்து மடித்துக்கொள்ளும். சின்ன வயதில் நூல் கட்டிப் பறக்கவிட்டோமே, அந்தத் தட்டானின் ஒல்லிப்பிச்சான் தம்பி போல இருக்கும். ஊசித்தட்டான். அறிவியல் பெயர் செரியாக்ரியான் கோரமண்டலியானம். கோரமண்டல் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம சோழமண்டலக் கரைதான்.

கையேடுகளில் இந்தப் பெயருக்குப் பின்னால் (ஃபாப்ரீசியஸ், 1798) என்று போட்டிருப்பார்கள். அந்த அடைப்புக்குறியை ஏதோ அச்சுப் பழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. விலங்கியல் பெயரிடலில் அதற்கு ஒரு பொருள் உண்டு. இந்த இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் இவர், ஆனால் அவர் வைத்த பேரினத்தில் இது இப்போது இல்லை என்று அர்த்தம். வீடு மாறியவர்களின் முகவரி மாதிரி. சரி, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு? ஏன்?

1758-இல் லின்னேயஸ் தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது தட்டான், ஊசித்தட்டான் எல்லாவற்றையும் லிபெல்லூலா என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். அவர் பூச்சிகளின் வரிசைகளைப் பிரித்தது இறக்கையைப் பார்த்து. நரம்போடிய கண்ணாடி இறக்கை இருந்ததால் தட்டான்களுக்கு நியூரோப்டெரா வரிசையில் இடம். நாம் மணலில் தோண்டி விளையாடும் குழியானை வளர்ந்து இறக்கை முளைத்தால் வருமே, அந்தப் பூச்சியும் அதே வரிசையில்தான் இருந்தது. ஊசித்தட்டான்களில் ஒன்றுக்கு 'விர்கோ' என்றும் இன்னொன்றுக்கு 'புயெல்லா' என்றும் பெயர் வைத்தார். லத்தீனில் கன்னி, சிறுமி. இந்த இரண்டு பெண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சண்டையில் வருவார்கள்.

லின்னேயஸிடம் உப்சாலாவில் படித்தவர் டென்மார்க்கின் யோஹான் கிறிஸ்டியான் ஃபாப்ரீசியஸ். குரு இறக்கையைப் பார்த்தார், சிஷ்யர் வாயைப் பார்த்தார். பூச்சிகளின் வாயுறுப்புகளை வைத்துத்தான் வகைப்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. 1775-இல் லிபெல்லூலாவை மூன்றாக உடைத்தார். ஊசித்தட்டான்களுக்குக் கிடைத்த பேரினம் ஆக்ரியான். 1793-இல் தட்டான்கள் அனைத்துக்கும் ஓடோனேட்டா என்று தனிப் பெயரும் கொடுத்தார். பல் என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. இன்றும் இந்த வரிசையின் பெயர் அதுதான்.

சோழமண்டலம் இதற்குள் எப்படி வந்தது? தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1768-இல் மருத்துவராக அங்கே வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கும் லின்னேயஸின் மாணவர்தான். 1785-இல் இறக்கும்வரை இந்தப் பக்கத்துச் செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஃபாப்ரீசியஸ் விவரித்த இந்தியப் பூச்சிகள் பல இப்படிக் கப்பலேறிப் போனவை. 1798-இல் நம் மஞ்சள் பூச்சிக்கு அவர் வைத்த பெயர் ஆக்ரியான் கோரமண்டலியானம். கோரமண்டலை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தட்டான் செத்தால் நிறம் போய்விடும். பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் பழுப்பாகிவிடும். காய்ந்த வால் ஒடியும். அப்படியே மிஞ்சுவது இறக்கை ஒன்றுதான். பாறைப் படிவங்களிலும் பெரும்பாலும் அதே கதை: உடல் மக்கிவிடும், இறக்கையின் பதிவு நிற்கும். அதனால் அடுத்த நூற்றைம்பது வருஷம் தட்டான்களை ஆராய்ந்தவர்கள் இறக்கையைப் படித்தார்கள். கையில் என்ன மிஞ்சியதோ அதை வைத்துத்தானே படிக்க முடியும்?

இதில் பெரிய ஆள் பெல்ஜியத்தின் எட்மோன் த செலிஸ் லோங்ஷாம்ப். பிரபு, அரசியல்வாதி, பின்னாளில் அந்நாட்டு செனட்டின் தலைவர். உலகமெங்கிருந்தும் தட்டான்களை வரவழைத்து விவரித்தார். இன்று நாம் சொல்லும் பெரும் பிரிவு 1854-இல் அவர் வைத்ததுதான். முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒரே மாதிரி இருந்தால் ஜைகாப்டெரா, அதாவது ஊசித்தட்டான். பின் இறக்கை அடியில் அகன்றிருந்தால் அனைசாப்டெரா, அதாவது தட்டான். நம் பூச்சியை ஆக்ரியானிலிருந்து வெளியே எடுத்து வைக்க 1876-இல் செரியாக்ரியான் என்ற பேரினத்தை உருவாக்கியவரும் அவரே. அடைப்புக்குறி வந்த கதை இதுதான்.

காலி செய்த அந்த ஆக்ரியான் வீட்டில் அடுத்து யார் இருப்பது என்று ஒரு சண்டை. உண்மையான ஆக்ரியான் விர்கோதான் என்றது ஒரு தரப்பு. இல்லை, புயெல்லா என்றது இன்னொரு தரப்பு. ஒரு புத்தகத்தில் ஆக்ரியான் குடும்பம் என்றால் மின்னும் இறக்கை கொண்ட ஓடைப் பூச்சிகள், இன்னொரு புத்தகத்தில் அதே பெயருக்குக் குளத்துப் புல் பூச்சிகள். ஒரே பெயரை இரண்டு தொகுப்பில் இரண்டு பொருளுக்கு வைத்துவிட்டு இரவெல்லாம் பிழை தேடியவர்களுக்கு இந்த வலி புரியும். கடைசியில் பிரச்சினை தீர்ந்த விதமும் பழக்கமானதுதான். அந்தப் பெயரையே புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று விர்கோ கலோப்டெரிக்ஸில் இருக்கிறது, புயெல்லா சீனாக்ரியானில் இருக்கிறது. ஆக்ரியானில் யாரும் இல்லை.

செலிஸின் இரண்டு அறைகளிலும் சேராத விருந்தாளி ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது. இறக்கை ஊசித்தட்டான் மாதிரி, உடம்பு தட்டான் மாதிரி. 1889-இல் அதை விவரித்த செலிஸ் 'சூப்பர்ஸ்டெஸ்' என்று பெயரிட்டார். எஞ்சிப் பிழைத்தது என்று பொருள். 1906-இல் ஹாண்ட்லிர்ஷ் என்ற ஆய்வாளர் இதற்காகவும் பல தொல்லுயிர்ப் படிவங்களுக்காகவும் மூன்றாவது அறை ஒன்று கட்டினார். இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றின் இளம்புழு டார்ஜிலிங் பக்கத்து ஓடையில் கிடைத்து, 1921-இல் டில்யார்ட் அதற்குப் பெயர் வைத்தார். ஊசித்தட்டான் போல இறக்கையை மடித்து உட்காரும் இந்தப் பூச்சி, மரபணுக்களைப் பார்த்தால் தட்டான் பக்கத்து உறவு. உட்காரும் தோரணையை நம்பினால் ஏமாந்துபோவோம்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். இந்திய மருத்துவப் பணியில் அறுவை மருத்துவராக இருந்தவர் ஃப்ரெடெரிக் சார்ல்ஸ் ஃப்ரேஸர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இறங்கித் தேடிய மனிதர். 1933, 1934, 1936 என்று மூன்று தொகுதிகளில் அவர் எழுதிய 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' வரிசை நூல்கள்தான் இந்தியாவில் தட்டான் பார்ப்பவர்களுக்கு இன்றும் அடிப்படை. இறக்கை நரம்புகளைக் கட்டம் கட்டமாக எண்ணிப் படிப்பதில் டில்யார்டும் இவரும் கூட்டாளிகள். 1937-இல் டில்யார்ட் கார் விபத்தில் இறந்தார். இருவரும் சேர்ந்து திட்டமிட்ட மறுவகைப்பாடு அதன் பிறகு இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1957-இல் ஃப்ரேஸர் தனியாக இன்னொன்றும் வெளியிட்டார்.

மலையோடைகளின் நிழலில் நூல் மாதிரி நீண்ட வால் கொண்ட ஊசித்தட்டான்கள் சில உண்டு. எஸ்மி, மெலனோநியூரா என்ற பேரினங்கள் ஃப்ரேஸர் 1922-இல் பெயரிட்டவை. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இவற்றின் குறுகிய இறக்கையில் ஒரு விசேஷம். பின்விளிம்பை ஒட்டி ஓட வேண்டிய நரம்பு ஒன்று குட்டையாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் நூல்வால் பூச்சிகளுக்கும் அதே நரம்பு இல்லை. அதே ஒல்லி உடம்பு. ஆகவே இரண்டையும் புரோட்டோநியூரிடே என்ற ஒரே குடும்பத்தில் வைத்தார்கள். இறக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

2014-இல் டைக்ஸ்ட்ராவும் நான்கு சக ஆய்வாளர்களும் ஊசித்தட்டான் குடும்பங்களை மரபணு வழியே மறுபடி கட்டிப் பார்த்தார்கள். அப்போது அறியப்பட்டிருந்த 310 பேரினங்களில் 59 சதவீதத்திலிருந்து மரபணுத் துண்டுகளைப் படித்தார்கள். புரோட்டோநியூரிடே பிளந்துபோனது. தென்னமெரிக்கப் பூச்சிகள் சீனாக்ரியான் குடும்பத்துக்குப் போயின. நம் மலையின் பூச்சிகளும் அவற்றின் ஆசிய, ஆப்பிரிக்க உறவுகளும் பிளாட்டிக்நெமிடிடே என்ற இன்னொரு குடும்பத்துக்குள் போயின. நரம்பு தொலைந்தது ஒரு முறை அல்ல. இங்கே தனியாக, அங்கே தனியாக.

அதே ஆய்வில் இன்னொன்று. மத்திய அமெரிக்காவில் இறக்கை விரித்தால் 19 செ.மீ. வரை வரும் மெகலோப்ரெபஸ் என்ற ராட்சத ஊசித்தட்டான் இருக்கிறது. அவ்வளவு பெரிசு என்பதால் அதன் கூட்டத்துக்குத் தனிக் குடும்பம் கொடுத்திருந்தார்கள். மரபணு அதையும் சீனாக்ரியான் குடும்பத்தில் கொண்டுவந்து இறக்கியது. நம் வயல்களில் 2 செ.மீ. நீளத்தில் திரியும் அக்ரியோக்நெமிஸ் பிக்மேயாவும் இதே குடும்பம்தான். நம் மஞ்சள் பூச்சியும்தான்.

ஃப்ரேஸர் கவனக்குறைவானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் விவரித்த இனங்களில் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது, இன்றும் அவர் எழுதியதை வைத்து ஓடையில் பூச்சியை அடையாளம் காண முடிகிறது. குடும்பம் கலைந்ததற்குக் காரணம் வேறு. இருக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோலவே இல்லாத ஒன்றையும் பார்த்ததுதான். ஒரு புது நரம்பு, ஒரே இடத்தில், ஒரே வளைவோடு இரண்டு பூச்சிகளில் இருந்தால் அது இருவருக்கும் பொதுவான தாத்தாவிடமிருந்து வந்திருக்கலாம். நரம்பு இல்லாமல் போவதற்குத் தாத்தா தேவையில்லை. இறக்கை குறுகினால் இடம் போதாது, அவ்வளவுதான். கால் இல்லை என்பதற்காக மண்புழுவையும் பாம்பையும் சொந்தமாக்க மாட்டோம். தரவுத்தளத்தில் இரண்டு பேருடைய தொலைபேசி எண் கட்டம் காலியாக இருந்தால், இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றும் முடிவுகட்ட மாட்டோம். ஆனால் காலிக் கட்டம் கண்ணாடி இறக்கையில் அழகாகத் தெரியும்போது அது ஒரு அடையாளம் போலவே தோன்றிவிடுகிறது.

மனிதர்களைப் பிரித்து எழுதிய பட்டியல்களிலும் இதைப் பார்க்கலாம். எழுத்து இல்லாதவர்கள், நிலம் இல்லாதவர்கள், மதம் இல்லாதவர்கள் என்று ஒரு தலைப்பு போட்டு, அதன் கீழ் ஒருவரை ஒருவர் அறியாத கூட்டங்களை ஒன்றாக எழுதிவிடுவது. தலைப்பு சொல்வது அவர்களைப் பற்றி அல்ல, பட்டியல் போட்டவர் எதைத் தேடினார் என்பதைப் பற்றி. ஊசித்தட்டானுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. எந்தக் குடும்பத்தில் எழுதினாலும் அது கொசு பிடிக்கும். மனிதர்களுக்கு அப்படி இல்லை.

கடைசியாக அந்த அடைப்புக்குறி. மெலனோநியூரா பைலீனியேட்டா என்ற பூச்சியின் பெயருக்குப் பின்னால் ஃப்ரேஸர், 1922 என்று வெறுமனே இருக்கும், அடைப்புக்குறி கிடையாது. ஃப்ரேஸர் வைத்த பேரினத்திலேயே அது இன்னும் இருக்கிறதே. குடும்பம் மாறியதைக் குறிக்கப் பெயரில் எந்தக் குறியும் இல்லை. தென்னமெரிக்காவில் இருப்பதாகச் சொன்ன சொந்தம் சொந்தமே இல்லை என்றாகிவிட்டது, பெயர்ப்பலகையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதுபாட்டுக்கு மலையோடை ஒன்றின் நிழலில், வாலை நீட்டி, நாம் இல்லை என்று சொன்ன நரம்பு இல்லாமலேயே நன்றாகப் பறந்துகொண்டிருக்கிறது.